பெர்னான்கிக்கு இன்னொரு நான்கு ஆண்டு கொடுத்தது சரியா?

சிங்கப்பூரில் வங்கிக் கடனில் வீடு வாங்கியவர்கள் ஒரு விஷயத்தைச் சீக்கிரமே தெரிந்துகொள்வார்கள். மாதத் தவணை ஏறுவதையும் இறங்குவதையும் ஷெண்டன் வேயில் இருக்கும் நம் மத்திய வங்கியான நாணய ஆணையம் முடிவு செய்வதில்லை. 1981 முதல் ஆணையம் வட்டியை அதன் போக்கில் விட்டுவிட்டது. சிங்கப்பூர் வெள்ளியின் மாற்று விகிதத்தைத்தான் பிடித்து வைத்திருக்கிறது. பணம் தடையில்லாமல் உள்ளே வந்து வெளியே போகிற ஊரில் இரண்டையும் ஒருசேரப் பிடிக்க முடியாது. அதனால் இங்கே வட்டி பெரும்பாலும் அமெரிக்க வட்டியின் பின்னாலேயே போகும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவகவிடமே கடன் வாங்கியவர்கள் 2.6 விழுக்காட்டில் நிம்மதியாக இருக்கலாம். வங்கிக்குப் போனவர்கள், வீடு பொங்கோலில் இருந்தாலும் பூன் லேயில் இருந்தாலும், வாஷிங்டனில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

அந்த ஃபெடின் தலைவரைத் தேர்ந்தெடுக்க நமக்கு ஓட்டு இல்லை. அமெரிக்கர்களுக்கே நேரடியாக இல்லை. அதிபர் ஒருவரை முன்மொழிவார், செனட் வாக்களித்து உறுதி செய்யும். பதவிக்காலம் 4 ஆண்டு. நல்ல காலத்தில் இதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. பெரிய நெருக்கடி ஒன்று வந்துபோன பிறகு, அது வந்தபோது பதவியில் இருந்தவருக்கே இன்னொரு முறை கொடுக்கலாமா என்று கேட்டால்தான் சண்டை தொடங்குகிறது. 2010 ஜனவரியில் பென் பெர்னான்கிக்கு அப்படித்தான் ஆனது. மத்திய வங்கித் தலைவர்களின் மறுநியமனம் பற்றிப் பேச அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆதரித்தவர்கள் கையில் இருந்த சான்றும் வலுவானது, எதிர்த்தவர்கள் கையில் இருந்ததும் வலுவானது. இரண்டும் ஒரே மனிதரைப் பற்றியவை.

பெர்னான்கி அடிப்படையில் பேராசிரியர். பிரின்ஸ்டனில் பாடம் நடத்தியவர். 1930களின் பெருமந்தம்தான் அவருடைய ஆய்வுக்களம். பொருளாதாரம் சரிந்ததால் வங்கிகள் விழுந்தன என்று பலர் நினைத்துக்கொண்டிருந்தபோது, வங்கிகள் விழுந்ததால்தான் சரிவு அவ்வளவு ஆழமாகவும் நீளமாகவும் போனது என்று காட்டியவர். ஒரு வங்கி மூடப்பட்டால் அதோடு பணம் மட்டும் போவதில்லை, யாரை நம்பிக் கடன் கொடுக்கலாம் என்று பல வருடம் பழகிச் சேர்த்த அறிவும் போய்விடுகிறது. இந்த ஆய்வுக்குத்தான் 2022ல் வேறு இருவரோடு சேர்த்து அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. 2002ல், ஃபெடின் ஆளுநர் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த சமயம், பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மனின் 90வது பிறந்தநாள் விழாவில் பேசினார். பெருமந்தத்துக்கு ஃபெட்தான் காரணம் என்று ஃப்ரீட்மன் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொண்டு, ஃபெட் சார்பில் வருத்தமும் தெரிவித்து, இனி அப்படி நடக்க விடமாட்டோம் என்றார். ஆறு வருடத்தில் அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டிய நிலை வந்துவிட்டது.

2006 பிப்ரவரியில் ஆலன் கிரீன்ஸ்பனுக்குப் பிறகு தலைவரானார். 2007 செப்டம்பரில் 5.25 விழுக்காடாக இருந்த வட்டியை 2008 டிசம்பரில் ஏறக்குறைய பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். 2008 மார்ச்சில் பேர் ஸ்டேர்ன்ஸ் நிறுவனத்தை ஜேபி மோர்கன் வாங்குவதற்குக் கடன் கொடுத்து உதவினார். செப்டம்பர் 15ல் லேமன் பிரதர்ஸ் திவாலானது. மறுநாளே ஏஐஜி காப்புறுதி நிறுவனத்துக்கு 85 பில்லியன் அமெரிக்க டாலர் கடன். அதுவரை ஃபெட் கை வைக்காத இடங்களிலெல்லாம் கை வைத்தது: நிறுவனங்களின் குறுகிய காலக் கடன் பத்திரங்கள், பணச் சந்தை நிதிகள், வீட்டுக் கடன் பத்திரங்கள். 900 பில்லியன் டாலர் அளவில் இருந்த அதன் சொத்துக் கணக்கு சில மாதங்களில் 2 டிரில்லியனைத் தாண்டியது.

ஏஐஜி கடன் நமக்குத் தூரத்துச் செய்தியாக இருக்கவில்லை. இங்கே பலருடைய வீட்டிலும் ஏஐஏ பாலிசி இருந்தது. ஏஐஏவின் தாய் நிறுவனம் அப்போது ஏஐஜி. அந்த வாரம் நகர மையத்தில் இருந்த ஏஐஏ வாடிக்கையாளர் நிலையத்தில் பாலிசியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ள ஆட்கள் வரிசை பிடித்தார்கள். பாலிசிதாரர்களின் பணம் தனியாகப் பாதுகாக்கப்படுகிறது, அவசரப்பட்டு முறிக்காதீர்கள் என்று நாணய ஆணையம் அறிக்கை விட்டது. ஏஐஜிக்கு அந்தக் கடன் கிடைக்காமல் போயிருந்தால் அந்த வரிசை எவ்வளவு நீண்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த மாதம், அக்டோபர் 16ல், சிங்கப்பூர் அரசாங்கம் எல்லா வங்கி வைப்புகளுக்கும் 2010 கடைசி வரை உத்தரவாதம் கொடுத்தது. அதற்கு முன்னால் ஒருவருக்கு 20,000 வெள்ளி வரைதான் காப்புறுதி. உத்தரவாதத்துக்குப் பின்னணியாக 150 பில்லியன் வெள்ளி நாட்டின் இருப்பிலிருந்து வைக்கப்பட்டது; அதற்கு ஒப்புதல் கொடுத்தவர் அதிபர் எஸ்.ஆர். நாதன். 2009 ஜனவரியில் வேலைகளைக் காப்பாற்றும் திட்டங்களுக்காக 4.9 பில்லியன் வெள்ளியைக் கடந்தகால இருப்பிலிருந்து எடுக்க அனுமதித்தவரும் அவரே. இருப்பைத் திறக்க அரசாங்கத்தின் சாவியோடு அதிபரின் சாவியும் வேண்டும்; அந்த இரண்டாவது சாவி உண்மையிலேயே திரும்பியது அதுதான் முதல் முறை. அக்டோபர் கடைசியில் ஃபெட், 30 பில்லியன் டாலர் வரை, வெள்ளியைக் கொடுத்து டாலர் பெற்றுக்கொள்ளும் நாணயப் பரிமாற்ற வசதியை நம் ஆணையத்துக்குத் திறந்துவிட்டது. அதை எடுக்க வேண்டிய தேவை வரவில்லை. கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்ததே சந்தைக்குப் போதுமாக இருந்தது.

இவ்வளவு செய்தவருக்கு மறுவாய்ப்பு கொடுக்க ஏன் தயங்க வேண்டும்?

எதிர்த்தவர்கள் சொன்னது

ஏனென்றால் கதை 2008ல் தொடங்கவில்லை. பெர்னான்கி 2002லிருந்து 2005 வரை ஃபெட் ஆளுநராக, கிரீன்ஸ்பன் தலைமையில் ஒவ்வொரு கூட்டத்திலும் உட்கார்ந்து வாக்களித்தவர். 2003ல் வட்டி 1 விழுக்காட்டுக்கு வந்தபோதும் இருந்தார். 2005 நடுவில், அதிபர் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகராக இருந்தபோது, நாடு முழுக்க வீட்டு விலை ஒரே சமயத்தில் விழுந்ததே கிடையாது என்று தொலைக்காட்சியில் சொன்னார். 2007 மார்ச்சில், ஃபெட் தலைவராக, தகுதி குறைந்தவர்களுக்குக் கொடுத்த வீட்டுக் கடன்களின் பாதிப்பு பெரும்பாலும் கட்டுக்குள்தான் இருக்கும் என்று நாடாளுமன்றக் குழு முன்னால் சொன்னார். அடுத்த ஆறு மாதத்தில் அது கட்டை மீறிவிட்டது.

கணிப்பு தவறுவதை நான் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2007 மார்ச்சில் சரியாகக் கணித்த மத்திய வங்கியாளரை எங்கே தேடிப் பிடிப்பது? உண்மையான குற்றச்சாட்டு வேறு. அமெரிக்க நாடாளுமன்றம் 1994லேயே ஒரு சட்டம் போட்டு, வீட்டுக் கடன்களில் நடக்கும் அநியாயமான நடைமுறைகளைத் தடை செய்யும் அதிகாரத்தை ஃபெடிடம் கொடுத்திருந்தது. வங்கி கொடுத்த கடனுக்கு மட்டுமல்ல, எல்லாக் கடன்காரர்களுக்கும் பொருந்தும் விதிகளை அது எழுதியிருக்கலாம். சம்பளச் சான்று கேட்காமலே கடன், இரண்டு வருடம் மலிவு வட்டி காட்டி மூன்றாம் வருடம் கழுத்தைப் பிடிக்கும் கடன் என்று எல்லாம் நடந்துகொண்டிருந்த காலத்தில் அந்த அதிகாரம் பெரும்பாலும் சும்மா கிடந்தது. விதிகள் ஒருவழியாக வெளிவந்தபோது தேதி 2008 ஜூலை. அந்தக் கடன்களைக் கொடுத்த நிறுவனங்களில் பல அதற்குள் மூடிவிட்டன. சிட்டிகுரூப் போன்ற பெரிய வங்கிக் குழுமங்களை மேற்பார்வை செய்யும் பொறுப்பும் ஃபெடுக்குத்தான் இருந்தது. அந்தக் குழுமத்தைக் காப்பாற்ற அரசாங்கம் பிறகு என்ன செலவழித்தது என்பது தெரிந்த கதை. சுருக்கமாகச் சொன்னால், தீயை அணைத்தவர்களின் கையில்தான் தீப்பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் இருந்தது.

இதில் எனக்கு மிகவும் சுவாரசியமானது, குற்றச்சாட்டின் மிகத் தெளிவான வடிவம் பெர்னான்கியின் வாயிலிருந்தே வந்தது என்பதுதான். 2010 ஜனவரி 3, அட்லாண்டா. அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். செனட் வாக்கெடுப்புக்கு நான்கு வாரம்கூட இல்லை. வட்டியை நெடுநாள் தாழ்வாக வைத்ததால்தான் வீட்டு விலைக் குமிழி வந்தது என்ற விமர்சனத்துக்குப் பதில் சொல்ல வந்தார். வரைபடங்களையும் வெளிநாட்டு ஒப்பீடுகளையும் காட்டி, வட்டிக்கும் குமிழிக்கும் தொடர்பு பலவீனமானது என்று வாதிட்டார். அப்படியானால் எது காரணம்? கடன் கொடுக்கும் முறை கெட்டுப்போனது. அதைத் தடுக்க வட்டி சரியான ஆயுதம் அல்ல, ஒழுங்குமுறையும் மேற்பார்வையும்தான் சரியான ஆயுதம் என்றார். வாதம் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த ஆயுதம் யாரிடம் இருந்தது? பணக் கொள்கை நடத்துபவர் என்ற முறையில் தன்னை விடுவித்துக்கொள்ளும் அதே மூச்சில், மேற்பார்வையாளர் என்ற முறையில் தன் நிறுவனத்தைக் கூண்டில் ஏற்றிவிட்டார்.

இந்த இடத்தில்தான் மறுநியமன வாக்கெடுப்பின் கோளாறு தெரிகிறது. மத்திய வங்கித் தலைவர் செய்வது ஒரு வேலை அல்ல. நெருக்கடி வந்தால் மீட்பது ஒன்று, வராமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. முதல் வேலை நள்ளிரவுக் கூட்டங்களும் தலைப்புச் செய்திகளுமாக எல்லார் கண்ணிலும் படும். இரண்டாவது, சரியாக நடந்தால் யாருக்கும் தெரியவே தெரியாது. வாக்குச் சீட்டில் இருப்பதோ ஒரே ஒரு ஆம் அல்லது இல்லை. அதனால் நன்றாக மீட்டவருக்கு, காக்கத் தவறியதும் சேர்த்து மன்னிக்கப்பட்டுவிடுகிறது.

70க்கு 30

அதிபர் ஒபாமா 2009 ஆகஸ்ட் 25ல், விடுமுறையில் இருந்த இடத்திலிருந்தே பெர்னான்கியின் பெயரை மறுபடி முன்மொழிந்தார். இவர் முதலில் எதிர்க்கட்சி அதிபர் புஷ் நியமித்த ஆள் என்பதைக் கவனிக்க வேண்டும். டிசம்பரில் டைம் இதழ் அவரை அந்த ஆண்டின் மனிதர் என்று அட்டையில் போட்டது. மறுநாளே செனட் வங்கிக் குழு 16க்கு 7 என்று ஒப்புதல் கொடுத்தது. அதுவரை சிரமம் தெரியவில்லை. ஆனால் வெளியே வேலையில்லாதோர் விகிதம் அக்டோபரில் 10 விழுக்காட்டைத் தொட்டிருந்தது. ஏஐஜி அதிகாரிகளுக்குப் போன போனஸ் மக்கள் நெஞ்சில் ஆறாமல் இருந்தது. 2010 ஜனவரி 19ல் மாசசூசெட்ஸ் மாநில இடைத்தேர்தலில் ஒபாமாவின் கட்சி தன் கோட்டையாக நினைத்திருந்த இடத்தை இழந்ததும், ஆளுங்கட்சி உறுப்பினர்களுக்கே நடுக்கம் வந்துவிட்டது. அந்த வாரமே அக்கட்சியின் செனட்டர்கள் பார்பரா பாக்ஸர், ரஸ் ஃபைன்கோல்ட் இருவரும் எதிர்த்து வாக்களிப்போம் என்று அறிவித்தார்கள். செனட்டின் இடதுபக்கம் பெர்னி சாண்டர்ஸும் வலதுபக்கம் ஜிம் பன்னிங்கும் எதிர்த்தார்கள். சாதாரண நாளில் இந்த இருவரும் எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள்.

அப்போது ஆதரவாளர்கள் எடுத்த வாதம் ஒன்று எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. இவரைத் தோற்கடித்தால் சந்தை சரிந்துவிடும் என்றார்கள். அந்த வாரம் பங்குச் சந்தை விழவும் செய்தது. ஆனால் ஒரு மனிதர் இல்லாவிட்டால் சந்தை தாங்காது என்று சொல்வது அவருக்குப் பெருமை சேர்க்கலாம், அந்த நிறுவனத்துக்குச் சேர்க்காது. தூக்கினால் ஆபத்து என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை வைத்திருப்பதற்கும், பெரிய வங்கி என்பதால் அதை விழவிட முடியாது என்பதற்கும் என்ன வித்தியாசம்? நெருக்கடிக்கே அந்த நினைப்புதானே பாதிக் காரணம்! தவிர, தலைவர் பதவி போனாலும் அவர் வீட்டுக்குப் போயாக வேண்டும் என்றில்லை. ஆளுநர் குழுவில் அவருடைய இடம் தனி. அந்தக் காலம் 2020 வரை இருந்தது. இதை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை.

ஜனவரி 28ல் 70க்கு 30 என்று வென்றார். எதிர்த்த 30 பேரில் இரண்டு கட்சிக்காரர்களும் உண்டு. அதுவரை ஃபெட் தலைவர் ஒருவருக்கு அவ்வளவு எதிர்ப்பு வாக்கு விழுந்ததில்லை. முந்தைய உச்சம் 1983ல் பால் வோல்க்கருக்கு விழுந்த 16. நான்கு வருடம் முன்னால் இதே பெர்னான்கிக்குப் பெயர் கூப்பிட்டு வாக்கெடுக்கக்கூட இல்லை, குரல் வாக்கெடுப்பிலேயே முடித்துவிட்டார்கள்.

வோல்க்கரையும் இங்கே நினைக்கலாம். வட்டியை 20 விழுக்காடு அளவுக்கு ஏற்றி, வேலையின்மையை 1982 கடைசியில் 10.8 விழுக்காட்டுக்குக் கொண்டுபோனவர். விவசாயிகள் டிராக்டரோடு ஃபெட் கட்டடத்தைச் சுற்றி வந்து எதிர்த்தார்கள். இருந்தும் ரேகன் அவரையே மறுபடி நியமித்தார். அவரை எதற்காக வேலைக்கு வைத்தார்களோ, விலைவாசியை அடக்குவது, அதைச் செய்து முடித்திருந்தார். கணக்கு எளிது. பெர்னான்கியின் கணக்கு அவ்வளவு எளிதல்ல, ஏனென்றால் அவரை வேலைக்கு வைத்தபோது யாரும் நெருக்கடியை நினைத்து வைக்கவில்லை.

பிரிட்டனின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் ஆளுநர் மெர்வின் கிங்குக்குக் கொஞ்சம் வசதி இருந்தது. 2007 செப்டம்பரில் நார்தர்ன் ராக் வங்கி வாசலில் மக்கள் வரிசையில் நின்றார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பக்கத்தில் அந்த நாடு பார்க்காத காட்சி. சில மாதத்திலேயே கிங்குக்கு இன்னொரு ஐந்து ஆண்டு கொடுத்தார்கள். 1998லேயே வங்கி மேற்பார்வையை பேங்க் ஆஃப் இங்கிலாந்திடமிருந்து பிரித்து வேறு அமைப்பிடம் கொடுத்திருந்ததால், அது என் வேலை அல்ல என்று அவர் சொல்ல முடிந்தது. பொறுப்பு யாருடையது என்றே தெரியாமல் போனதுதான் அங்கே பாடம். 2013ல் மேற்பார்வையை மத்திய வங்கிக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

இந்தியாவில் இதற்கு நேர் எதிரான ஒரு கதை இருக்கிறது, தமிழர்களே அதிகம் பேசாத கதை. எஸ். வெங்கிட்டரமணன், நாகர்கோவிலில் பிறந்தவர், 1990 டிசம்பரில் ரிசர்வ் வங்கி ஆளுநரானார். நாட்டின் அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை. 1991 ஜூலையில் 47 டன் தங்கம் பேங்க் ஆஃப் இங்கிலாந்துக்கும் பேங்க் ஆஃப் ஜப்பானுக்கும் ஈடாகப் போனது. நகையை அடகு வைத்த அவமானம் என்று நாடே கொதித்தது. ஆனால் இந்தியா ஒரு தவணைகூடத் தவறவில்லை. மீட்பு என்று பார்த்தால் அது பெர்னான்கி செய்ததற்கு எந்த விதத்திலும் குறைந்தது அல்ல. அடுத்த வருடமே ஹர்ஷத் மேத்தா பங்குப் பத்திர ஊழல் வெடித்தது. வங்கிகளுக்கிடையே பத்திரம் மாறும் இடத்தில் ஓட்டை; அதைக் கவனிக்க வேண்டியது ரிசர்வ் வங்கி. 1992 டிசம்பரில் இரண்டு ஆண்டுப் பதவிக்காலம் முடிந்தது, நீட்டிக்கப்படவில்லை. அவருக்குப் பிறகு வந்தவர் சி. ரங்கராஜன், அவரும் தமிழர். அமெரிக்காவில் மீட்பு மேற்பார்வைத் தவறை மூடியது. டெல்லியில் மேற்பார்வைத் தவறு மீட்பை மூடிவிட்டது. இரண்டில் எது நியாயம் என்று கேட்டால், இரண்டுமே அரைகுறை என்றுதான் சொல்வேன்.

ரகுராம் ராஜனைப் பற்றிக் கேட்பீர்கள். 2005லேயே நிதி அமைப்பில் ஆபத்து சேர்கிறது என்று அமெரிக்காவில் மத்திய வங்கியாளர்கள் கூடிய சபையில் சொன்னவர், 2013ல் ரூபாய் தள்ளாடியபோது ரிசர்வ் வங்கி ஆளுநராகப் பொறுப்பேற்றவர், வங்கிகள் மறைத்து வைத்த வாராக் கடனைக் கணக்கில் காட்ட வைத்தவர். மூன்று வருடத்தில் கிளம்பிவிட்டார். காக்கிற வேலையை ஒழுங்காகச் செய்பவருக்கு நண்பர்கள் குறைவு என்பதற்கு அவர் உதாரணம். அதற்கு மேல் அந்தக் கதையில் அரசியல் நிறைய கலந்திருக்கிறது.

இரண்டாவது நான்கு ஆண்டு

பெர்னான்கி மறுவாய்ப்பை வைத்து என்ன செய்தார்? 2010 நவம்பரில், சந்தையில் பணத்தைப் பெருக்க இன்னும் 600 பில்லியன் டாலருக்குப் பத்திரம் வாங்கத் தொடங்கினார். 2012 செப்டம்பரில் மூன்றாவது சுற்று, இந்த முறை முடிவுத் தேதியே சொல்லாமல். விலைவாசி தாறுமாறாக ஏறப்போகிறது என்று எச்சரித்தவர்கள் ஏராளம், ஏறவில்லை. 2014 ஜனவரியில் அவர் போகும்போது வேலையின்மை 7 விழுக்காட்டுக்குக் கீழே வந்திருந்தது. 2012ல் முதல் முறையாக 2 விழுக்காடு என்று விலைவாசி இலக்கை வெளிப்படையாக அறிவித்தார், அதற்கு முந்தைய ஆண்டே செய்தியாளர் கூட்டமும் நடத்தத் தொடங்கியிருந்தார். ஃபெட் தலைவர் முறையாகச் செய்தியாளர் கேள்விக்குப் பதில் சொல்வது 2011க்கு முன் வழக்கத்தில் இல்லை. அந்த 30 எதிர்ப்பு வாக்குகள் இல்லாதிருந்தால் இவ்வளவு திறந்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

நமக்கு அதன் பலன் இரண்டு விதமாக வந்தது. 2007 தொடக்கத்தில் 3 விழுக்காட்டுக்கு மேல் இருந்த, வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கும் சிபோர் வட்டி, அரை விழுக்காட்டுக்கும் கீழே போய் வருடக்கணக்கில் அங்கேயே கிடந்தது. வீட்டுக் கடன் வைத்திருந்தவர்களுக்குக் கொண்டாட்டம். புதிதாக வீடு வாங்கப் போனவர்களுக்கோ, மலிவுப் பணம் விலையை எங்கேயோ கொண்டுபோய் வைத்திருந்தது. வட்டியை ஏற்றி அடக்க நம் ஆணையத்தால் முடியாது, அதனால் வேறு வழி தேட வேண்டியிருந்தது: விற்பனை முத்திரை வரி, 2011 டிசம்பரில் கூடுதல் முத்திரை வரி, 2013 ஜூனில் ஒருவர் வருமானத்தில் 60 விழுக்காட்டுக்கு மேல் கடன் தவணைக்குப் போகக்கூடாது என்ற விதி. அமெரிக்காவில் பத்து வருடம் முன்னால் இருந்திருக்க வேண்டிய விதி அதுதான் என்று சொல்லலாம்.

இன்னொரு பக்கம், 2013 மே 22ல் பத்திரம் வாங்குவதைக் குறைக்கக்கூடும் என்று பெர்னான்கி கோடி காட்டினார். அவ்வளவுதான், ரூபாய் சரியத் தொடங்கியது. ஆண்டுத் தொடக்கத்தில் 44 ரூபாய் அளவில் இருந்த சிங்கப்பூர் வெள்ளி ஆகஸ்டில் 50ஐத் தாண்டியது. தேக்காவில் பணம் அனுப்பும் கடைகளில் கூட்டம் அலைமோதியது. தங்கும் விடுதியில் இருக்கும் ஊழியருக்கு அது ஊரில் கடன் அடைக்க நல்ல வாய்ப்பு. அதே ஊரில் பெட்ரோல் விலையும் வெங்காய விலையும் ஏறியது பிறகுதான் உறைத்தது.

சரி, நான் செனட்டில் இருந்திருந்தால்? ஆம் என்றுதான் வாக்களித்திருப்பேன். நன்றிக்காக அல்ல, சந்தை பயத்துக்காகவும் அல்ல. 2 டிரில்லியன் டாலர் கணக்கு விரிந்து கிடந்தது, எதை எப்போது எப்படிச் சுருட்டுவது என்ற திட்டம் அதை விரித்தவரின் தலையில் இருந்தது, வேலையின்மை இன்னும் 10 விழுக்காட்டின் பக்கத்தில். வேலை பாதியில் நின்றது. ஆனால் அட்லாண்டா பேச்சைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வியை விடாமல் கேட்டிருப்பேன்: 1994 சட்டத்தை 2008 வரை யார் மேசையில் தூங்கவிட்டார்கள்? பெயர், தேதி, கூட்டக் குறிப்பு வேண்டும். அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் நுகர்வோர் பாதுகாப்பை ஃபெட் நிர்வாகத்திலிருந்து பிரித்து, அதற்கென்றே ஒரு அமைப்பை 2010 ஜூலை சட்டம் உருவாக்கியது மட்டும்தான். அமைப்பு மாறியது, ஆட்கள் பதில் சொல்லவில்லை.

இலங்கையில் பதில் வேறு வழியில் வந்தது. 2022ல் நாடு திவாலான பிறகு, 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம், முன்னாள் மத்திய வங்கி ஆளுநர்கள் இருவர் உட்பட பலர் மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. பதவிக்காலத்தில் கேட்கப்படாத கேள்வி நீதிமன்றத்தில் கேட்கப்பட்டது. மத்திய வங்கியாளர்கள் ஒவ்வொரு முடிவிலும் வழக்குப் பயத்தோடு உட்கார வேண்டும் என்று நான் விரும்பவில்லை. ஆனால் அதற்கு முன்னால் வேறு கதவு எதுவும் திறந்திருக்கவில்லை என்பதும் உண்மை.

நம் ஊரிலும் அந்த இரண்டு வேலைகளும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கின்றன. நாணய ஆணையமே மத்திய வங்கி, வங்கிகளையும் காப்புறுதி நிறுவனங்களையும் முதலீட்டு விற்பனையையும் மேற்பார்வை செய்வதும் அதே. 2008ல் மீட்பு வேலையில் அதற்கு நல்ல மதிப்பெண். ஆனால் லேமன் விழுந்தபோது மினிபாண்டு போன்ற சிக்கலான முதலீட்டுப் பத்திரங்களில் சுமார் 10,000 பேர் போட்டிருந்த 500 மில்லியன் வெள்ளிக்கு மேற்பட்ட பணம் ஆபத்துக்குள்ளானது. ஓய்வுபெற்றவர்கள், ஆங்கிலம் சரளமாக வாசிக்கத் தெரியாத முதியவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் வாராவாரம் கூடினார்கள். விற்பனை ஆவணத்தில் ஆபத்துகள் சொல்லப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் ஆணையத்தின் முறை. பொருள் நல்லதா கெட்டதா என்று அது தீர்ப்பு சொல்வதில்லை. 2009 ஜூலையில் 10 நிதி நிறுவனங்கள் இத்தகைய பத்திரங்களை விற்கக் குறிப்பிட்ட காலத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. பின்னாளில் விதிகளும் மாறின: சில பக்கங்களில் புரியும்படி சுருக்கம் கொடுக்க வேண்டும், வாங்குபவருக்கு அது புரியுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நாடாளுமன்றத்தில் கேள்விகள் வந்தன, அமைச்சர்கள் பதில் சொன்னார்கள். ஆனால் மேற்பார்வைக்குப் பொறுப்பானவர்களின் பதவி நீட்டிப்பை வைத்து யாரும் எதையும் கேட்கவில்லை, கேட்க இடமும் இல்லை. அரசியல் சாசனப்படி ஆணையக் குழு உறுப்பினர் நியமனம் ஒரு தடவைக்கு 3 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது, மறுநியமனம் உண்டு, அதிபர் ஒப்ப மறுக்கலாம். அமெரிக்காவைவிட அடிக்கடி வரும் பரிசோதனை அது. ஆனால் நடப்பது மூடிய அறையில். வெளியே வருவது சில வரிச் செய்திக் குறிப்பு. செனட்டில் நடந்த மாதிரிக் கூத்து இங்கே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாசசூசெட்ஸ் இடைத்தேர்தலில் தோற்ற ஆத்திரத்தை மத்திய வங்கித் தலைவர் மேல் காட்டுவது எந்த விதத்திலும் மேற்பார்வை ஆகாது. ஒரு நாடாளுமன்றக் குழு, மறுநியமனத்துக்கு முன்னால் ஒரு பகல், கையில் இருந்த எந்த அதிகாரத்தை இந்த மூன்று வருடத்தில் நீங்கள் பயன்படுத்தவில்லை, ஏன் என்று பகிரங்கமாகக் கேட்டால் போதும். அதையும் நெருக்கடிக்குப் பிறகு அல்ல, எல்லாம் நன்றாக இருக்கும்போது கேட்க வேண்டும். 2004ல் கிரீன்ஸ்பன் ஐந்தாவது முறையாகப் பெரிய எதிர்ப்பு எதுவும் இல்லாமல் பதவி பெற்றார். வீட்டுக் கடன் விதிகளைப் பற்றிக் கேட்பதற்கு அதுதான் சரியான நேரமாக இருந்திருக்கும்.